வாரச் சமையலுக்கு முன்னேற்பாடு: டெல்டா வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். காலை ஏழரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஏழாகிவிடும். கணவரும் வேலைக்குப் போகிறவர். மாமியார் எங்களோடு இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் சில மணி நேரத்தை ஒதுக்கி, வாரத்துக்கான சமையல் வேலையில் ஒரு பகுதியை முன்னதாக முடித்துவைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதைப் பற்றி உடன் பயணம் செய்யும் பெண்களும், தெருவில் உள்ளவர்களும், உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஐந்து நாளைக்கான குழம்பையும் பொரியலையும் ஞாயிறன்றே செய்து அடுக்கிவைப்பதா இது?

இல்லை. அப்படிச் செய்து பார்த்தவர்கள் புதன்கிழமையோடு வெறுத்துப்போய் விட்டுவிட்டதையே நான் கண்டிருக்கிறேன். நம் சாப்பாட்டில் அன்றன்று அடுப்பிலிருந்து இறங்க வேண்டியவை சில உண்டு. ரசம் அப்படிப்பட்டது, கீரை மசியல் அப்படிப்பட்டது, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அப்படிப்பட்டதே.

ஒரு வேளைச் சமையலைக் கூர்ந்து கவனித்தால், அடுப்பு எரியும் நேரத்தைவிடக் கை ஓடும் நேரமே அதிகம் என்பது தெரியும். வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது, புளி கரைப்பது, தேங்காய் துருவுவது, வறுத்து அரைப்பது ஆகியவைதாம் காலையைத் தின்கின்றன. அவை முடிந்திருந்தால் ஒரு சாம்பாரும் பொரியலும் அரை மணிக்குள் ஆகிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான்: கைவேலையை முன்கூட்டி முடித்துக்கொள்வது, அடுப்பு வேலையை அன்றன்றைக்கு வைத்துக்கொள்வது. இது புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தையும் ஆகாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தவர்களும், சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறப்போட்டு வற்றலாக்கியவர்களும், மாவடு ஜாடியைப் பரணில் ஏற்றியவர்களும் ஓர் ஆண்டுக்கான முன்னேற்பாட்டையே செய்துவந்தார்கள். அதே புத்தியை ஒரு வாரத்துக்குச் சுருக்கிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுக்களையிலேயே போய்விடாதா?

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஏதோ ஒன்றைத் தேவையில்லாமல் செய்கிறோம் என்று பொருள். வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் நாள் போய்விடும். ஒன்று தானாக நடந்துகொண்டிருக்கும்போது மற்றொன்றைச் செய்தால் மிச்சமாகும்.

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை ஆறரைக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போடுகிறோம். அதன்பின் கணவர் பையை எடுத்துக்கொண்டு தாராசுரம் காய்கறிச் சந்தைக்குப் போய்வருகிறார். உழவர் சந்தை அருகில் உள்ளவர்கள் அங்கே போகலாம், காலையில் சீக்கிரம் போனால் கீரை பறித்த ஈரத்தோடு கிடைக்கும். பதினொரு மணிக்குக் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, அது ஆடி முடிவதற்குள் சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுகிறோம். அரிசி அரைபடும்போது ஒரு குக்கரில் துவரம்பருப்பும் இன்னொன்றில் பாசிப்பருப்பும் வெந்துவிடும். அந்தப் பாசிப்பருப்பில் ஒரு பங்கு உருளைக்கிழங்கோடு சேர்ந்து இரவு இட்லிக்குக் கடப்பாவாகும், மீதி திங்கட்கிழமைக் கூட்டுக்குப் போகும். கடைசி அரை மணியில் காய் நறுக்குவதும், தேங்காய் துருவுவதும், ஏதேனும் ஒரு பொடி வறுத்து அரைப்பதும் நடக்கும்.

இதற்கு மேல் ஒரு சொல். நறுக்கிய காய் மூன்று நாளைக்குப் பிறகு சுவை குன்றிவிடுகிறது. எனவே வாரத்தை ஒரே மூச்சில் இழுக்காமல், புதன்கிழமை இரவு சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்து வியாழனுக்கும் வெள்ளிக்கும் வேண்டிய காயை மட்டும் அப்போது நறுக்கிக்கொள்ளுங்கள்.

மாவு எத்தனை நாள் தாங்கும்? கோடையில் இரண்டாம் நாளே புளித்துவிடுகிறதே?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு ஆழாக்கு இட்லி அரிசி, இரண்டு ஆழாக்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவு நான்கைந்து வேளைக்கு வரும். கார்த்திகை, மார்கழியில் மாவு பொங்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அக்னி நட்சத்திர நாட்களில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பாத்திரத்தை மீறி வழியும்.

புளிப்பைத் தள்ளிப்போட ஒரு வழி இருக்கிறது. அரைத்த மாவு முழுவதையும் பொங்கவிட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்குப் பதிலாக, அரைத்தவுடன் மாவை இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உப்புப் போட்டுக் கையால் கரைத்து வெளியே பொங்கவிடுங்கள். மற்றதை உப்பில்லாமல், பொங்குவதற்கு முன்பே, ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த அடுக்கில் வைத்துவிடுங்கள். செவ்வாய் இரவு அதை வெளியே எடுத்து உப்புச் சேர்த்துக் கரைத்து வைத்தால் புதன் காலை புதுமாவாகவே இட்லி ஊற்றலாம். கோடையில் அரைக்கும்போது குளிர்ந்த நீரைத் தெளித்து அரைப்பதும் நல்லது, ஏனென்றால் கல்லின் சூட்டில் மாவு அரைபடும்போதே வெதுவெதுப்பாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் மிஞ்சும் மாவில் இட்லியை எதிர்பார்க்க வேண்டாம். வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப்போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ செய்யுங்கள்.

எந்தக் காய்களை முன்கூட்டி நறுக்கலாம், எவற்றை நறுக்கக் கூடாது?

பீன்ஸ், கேரட், கொத்தவரங்காய், அவரை, முருங்கை, பூசணி, பரங்கி ஆகியவற்றை நறுக்கி மூடிய டப்பாவில் மூன்று நாள் வைக்கலாம். கத்தரிக்காயும் வாழைக்காயும் வெட்டிய சிறிது நேரத்தில் கறுத்துவிடும், அவற்றை அன்றன்றைக்கே நறுக்க வேண்டும். வெண்டைக்காயை முழுதாகக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி வைத்தால், காலையில் நறுக்கும்போது பிசுபிசுப்பு குறைவாக இருக்கும். எந்தக் காயானாலும் நறுக்கிய பிறகு கழுவி வைக்காதீர்கள். ஈரம்தான் முதல் எதிரி.

கீரையை ஆய்ந்து, கழுவாமல், பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் வாடாமல் இருக்கும். மூன்றாம் நாளுக்குக் கீரையைத் திட்டமிடாதீர்கள்.

வாழைப்பூவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காவிரிக் கரையில் இவ்வளவு வாழையை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வீடுகளில் வாழைப்பூவும் வாழைத்தண்டும் மறைந்துவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காரணம் ஆய்வதற்கு நேரமில்லை என்பதுதான். ஞாயிறு மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் நரம்பையும் அதன் அடியில் இருக்கும் செதிலையும் எடுத்து, நறுக்கி, மோர் கலந்த நீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், திங்கட்கிழமை பருப்புசிலி செய்ய இருபது நிமிடம் போதும். தண்டையும் வட்டமாக அரிந்து நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, அதே மோர்த் தண்ணீரில் மறுநாள் வரை வைக்கலாம்.

சாதத்தை முதல் நாள் இரவே வடித்துவைத்து, காலையில் கலந்த சாதம் செய்யலாமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். இரவு வடித்த சாதத்தை மேடையிலேயே மூடிவைத்துவிட்டு, காலையில் எலுமிச்சைச் சாதமாகக் கிளறி மகனுக்குக் கொடுத்தனுப்பினேன். மதியத்துக்குள் அவனுக்கு வாந்தி எடுத்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சாதத்தில் நாற்றமோ நூலோ எதுவுமே இருக்கவில்லை.

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு பாக்டீரியாவின் வித்துகள் இருப்பதுண்டு. அவை கொதிநீரில் சாவதில்லை. வெந்த சாதம் வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. நம் ஊரில் சமையலறையின் சூடே அந்த எல்லைக்குள்தான் ஆண்டு முழுவதும் இருக்கிறது.

ஆகவே சாதத்தை முதல் நாளே வடிப்பதானால், உடனே அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே கலக்க வேண்டும். உண்மையில் அரிசியை இரவே களைந்து அளவுத் தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் குக்கரில் ஏற்றுவது இதைவிட எளிது. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

அப்படியானால் பழைய சோறு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேட்பார்கள். ஆறிய சோற்றில் நீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன, அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகள் பலவற்றை மட்டுப்படுத்துகிறது. வெறுமனே மூடிவைத்த சாதத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பழைய சோற்றையும் மறுநாள் காலையிலேயே மோரும் சின்ன வெங்காயமுமாகச் சாப்பிட்டு முடித்துவிடுவதே வழக்கம், அதை மாற்ற வேண்டாம்.

மதிய டப்பாவுக்கு எந்தச் சாதம் தாங்கும்?

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் சித்ரான்னங்களை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் அதில் ஒரு வரிசையே வைத்திருந்தார்கள். தேங்காய்ச் சாதம் முதலில் கெடும் என்பதால் முதலில் பரிமாறப்படும், புளியோதரை இரவு வரைக்கும் வரும். புளியும் நல்லெண்ணெயும் உப்பும் காப்பாகின்றன, தேங்காயின் ஈரமும் இனிப்பும் கெடுதலுக்கு இடம் கொடுக்கின்றன. டப்பாவுக்கும் இதே கணக்குத்தான். வெயில் கடுமையாக இருக்கும் நாட்களில் தேங்காய்ச் சாதத்தைத் தவிர்த்துவிட்டுப் புளி, எலுமிச்சை, கறிவேப்பிலைப் பொடிச் சாதம் ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள்.

புளிக்காய்ச்சலை மாதம் ஒருமுறை செய்தால் போதும். கால் கிலோ புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் புளிக்கரைசலும் சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவிடுங்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த தனியாவும் வெந்தயமும் தூவுங்கள். உலர்ந்த கரண்டியை மட்டும் பயன்படுத்தினால் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் கெடாது.

தயிர்ச் சாதத்துக்கு ஒரு குறிப்பு: காலையில் குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து அனுப்பினால், மதியம் சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் தயிராகியிருக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்ததைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

என் மாமியாரும் அப்படித்தான் சொன்னார். "நேத்து வச்சதை எனக்குப் போடாதேம்மா" என்று அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அன்றன்று சமைத்து அன்றன்று முடிப்பது ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் உயிரைக் காத்த ஒழுங்கு. சமைத்த பண்டத்துக்கும் சமைக்காத பொருளுக்கும் அவர் வேறுபாடு காண்கிறார் என்பதைக் கவனித்தபோதுதான் வழி பிறந்தது. உரித்த வெங்காயத்துக்கும், நறுக்கிய காய்க்கும், வறுத்து அரைத்த பொடிக்கும், மாவுக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. பருப்பை மட்டும் அவருக்காகத் தனியே ஒரு கிண்ணத்தில் அன்றைக்கே சாதத்தோடு குக்கரில் வைத்துவிடுகிறேன். அவர் சொல்லிக்கொடுத்தே பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப்பொடி ஆகிய மூன்றும் எங்கள் அலமாரியில் தீராமல் இருக்கின்றன. பெரியவர்களின் கைப்பக்குவத்தை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தால் பாதிச் சுமை குறையும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி ஆகியவற்றை நாட்காட்டியில் முன்பே பார்த்து, வெங்காயம் சேராத நாட்களைக் குறித்துக்கொள்வதும் நல்லது.

மீனும் கறியும் வாங்கும் வீடுகளில் எப்படி?

நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீனை ஞாயிறு காலையே வாங்கிச் சுத்தம் செய்து, அன்றைக்கு வேண்டியது போக மீதியை மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்ற கணக்கில் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ஒரே பொட்டலமாக உறையவிட்டு, ஒவ்வொரு முறையும் இளகவைத்து மீண்டும் உறையவைப்பது சுவையையும் கெடுக்கும், உடம்பையும் கெடுக்கும். சமைப்பதற்கு முதல் நாள் இரவே டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ் அடுக்குக்கு மாற்றிவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து இளகவிடக் கூடாது. மத்தி போன்ற எண்ணெய் மிகுந்த மீன்களுக்குச் சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும் என்பதால் அவற்றைச் சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அந்த நாட்களுக்குக் கருவாட்டை முன்கூட்டி வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளும் வீடுகள் பல.

மீன் குழம்பு மறுநாள் இன்னும் சுவைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மறுநாள் வரைக்கும் அது ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மின்சாரம் போய்விட்டால் எல்லாம் வீணாகிவிடாதா?

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள் வரையிலும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையிலும் தாக்குப்பிடிக்கும். "கெட்டுப்போச்சா?" என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் கெடுக்கும்.

ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வரவில்லை. அத்தகைய நாட்களில் கைகொடுப்பவை ஃப்ரிட்ஜை நம்பாத பொருள்கள்தாம். ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் வீட்டில் வாரத் திட்டத்தையே மாற்றிவிடுவோம். வேகவைத்த பருப்பு, துருவிய தேங்காய் ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு, வத்தக் குழம்பு, பொடி வகைகள், அப்பளம், மோர் மிளகாய் ஆகியவற்றின் பக்கம் சாய்வோம். மழைக்காலத்தில் பொடி டப்பாவில் ஈரக்காற்றுப் புகுந்தால் கட்டி தட்டும் என்பதால், சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

எந்தப் பாத்திரத்தில் வைப்பது?

இறுக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரங்கள் அழகானவை, ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்தவற்றையும் தயிரையும் ஒருபோதும் வைக்கக் கூடாது. வத்தக் குழம்புக்குக் கல்சட்டி இருந்தால் மிகச் சிறப்பு. சூடான குழம்பைப் பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றாமல், ஆழம் குறைந்த இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து ஆற்றி வையுங்கள், விரைவில் குளிரும்.

மைக்ரோவேவ் வேண்டுமா?

வேண்டியதில்லை.

நடவு, அறுப்பு நாட்களில் விடியற்காலையே வயலுக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்துமா?

அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததும் குறுவை வேலை தொடங்குகிறது, தை மாதத்தில் சம்பா அறுவடை. அந்த வாரங்களில் ஞாயிறு என்று ஒரு நாளே கிடைக்காது. எனவே வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலேயே புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் ஆகிய நான்கையும் செய்து முடித்துவிடுமாறு சொல்வேன். வயலுக்குச் சாதம் கட்டும்போது வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் கிழியாது.

இதெல்லாம் கடைசியில் பெண்கள் தலையில்தானே விழுகிறது?

விழக் கூடாது. வார வேலையை ஒரு தாளில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டியபோதுதான், எத்தனை சிறு வேலைகளை நான் ஒருத்தியே மனத்தில் சுமந்துகொண்டிருந்தேன் என்பது வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இப்போது சந்தையும் தேங்காய் துருவலும் கணவருடைய பொறுப்பு, வெங்காயம் உரிப்பது மகனுடையது, டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டுவது மகளுடையது. எழுதி வைத்தால்தான் பங்கு கேட்க முடிகிறது.

முதல் வாரத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

மூன்று பொருள்களை மட்டும் செய்யுங்கள்: மாவு, உரித்த சின்ன வெங்காயம், புளிக்காய்ச்சல். அந்த வாரம் காலையில் எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்கிறீர்கள் என்பதை நாள்தோறும் குறித்து வையுங்கள். எந்த நாளில் தாமதமானதோ அந்த நாளில் எந்தக் கைவேலை உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று பார்த்து, அடுத்த ஞாயிறு அதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போய்விட்டால் திங்கள் இரவு மாவு மட்டும் அரைத்துக்கொண்டு, காய்க்குப் பதிலாக வத்தக் குழம்பும் சுட்ட அப்பளமுமாக அந்த வாரத்தை ஓட்டிவிடலாம்.